நாலு கோடி இலக்க எண்ணை நோட்டுப் புத்தகத்தில் விசாரிப்பது எப்படி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் காவல் கூண்டில் எனக்கு இரவு வேலை. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. நடுவில் ரோந்து, பின்னிரவில் இரண்டு மூன்று லாரி, மற்றபடி ஆள் நடமாட்டம் இருக்காது. கைப்பேசியைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வரும், பென்சிலைப் பிடித்தால் வராது. அதனால் கணக்குப் போடுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்த அக்காள் பேத்தி, உயர்நிலை இரண்டு படிப்பவள், ஒரு தாளை நீட்டினாள். அதில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்று எழுதியிருந்தது. "உலகத்திலேயே பெரிய பிரைம் நம்பர் தாத்தா. 41 மில்லியன் இலக்கம். எழுதியே பார்க்க முடியாது" என்றாள்.

உலகத்திலேயே பெரியது என்று ஒன்று கிடையாது, பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே காட்டிவிட்டார். இதுவரை கண்டுபிடித்ததில் பெரியது என்று சொல், என்றேன். ஆனால் "எழுதியே பார்க்க முடியாது" என்றது மனத்தில் தங்கிவிட்டது. எழுத முடியாதுதான். விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் தூங்காமல் எழுதினாலும் 475 நாள் ஆகும். என் பன்னிரண்டு மணி நேர வேலையில் எழுதினால் 950 இரவு. சிங்கப்பூரில் இருக்கும் 60 லட்சம் பேருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு ஏழு இலக்கம்கூடச் சரியாக வராது.

எழுதாமல் அந்த எண்ணைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தேவை ஒரு கட்டம் போட்ட நோட்டு, ஒரு பென்சில், மடக்கை (லாகரிதம்) பார்க்க ஒரு கால்குலேட்டர். பெருக்கலையும் வகுத்தலையும் கையால் போடுங்கள், சுகமே அதில்தான்.

நீளமும் தலையும்

ஓர் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று அறிய அதன் மடக்கை போதும். 2-இன் மடக்கை, அதாவது 2 கிடைக்கப் பத்தை உயர்த்த வேண்டிய அடுக்கு, 0.30102999566. இதை 136279841 ஆல் பெருக்குங்கள். 41024319.9448 வரும். முழு எண் பகுதியோடு ஒன்று கூட்டினால் 41024320. அவ்வளவு இலக்கம். ஊர்க் கணக்கில் 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம். அந்தக் கடைசி 1-ஐக் கழிப்பதால் இலக்க எண்ணிக்கை குறையாதா? குறையாது. 2-இன் அடுக்கு எதுவும் பூஜ்யத்தில் முடிவதில்லை, அதனால் கடன் வாங்கும் வேலையே இல்லை.

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 0.9448-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்தின் 0.9448 அடுக்கு என்ன என்று கால்குலேட்டரைக் கேளுங்கள், ஏறத்தாழ 8.81 என்று சொல்லும். நம் எண் 88 என்று தொடங்குகிறது என்று அர்த்தம். இங்கே ஓர் எச்சரிக்கை. என் பழைய கால்குலேட்டர் மடக்கையைப் பத்து இலக்கத்தோடு, 0.3010299957 என்று நிறுத்திவிடும். அதை வைத்துப் பெருக்கினால் 8.9 வரும், 89 என்று எழுதி ஏமாறுவோம். பதினோராவது தசமத்தில் விட்ட துளி, 13 கோடியால் பெருக்கப்படும்போது முன்னால் வந்து நிற்கிறது. கூடுதலாக ஓர் இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வால்

கடைசி மூன்று இலக்கத்துக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1024, வாலில் 024. அதன் வர்க்கம் 576, இது 20-ஆம் அடுக்கின் வால். 576-இன் வர்க்கம் 331776, வால் 776, இது 40-ஆம் அடுக்கு. இன்னொரு தரம் இரட்டித்தால் 1552, வால் 552, இது 41-ஆம் அடுக்கு.

41-இல் ஏன் நிறுத்தினேன்? இதே வழியில் போனால் 2-இன் 100-ஆம் அடுக்கின் வால் 376 என்று வரும். இந்த 376 ஒரு தினுசான ஆள். எட்டின் மடங்கு எதை 376 ஆல் பெருக்கினாலும் அதன் கடைசி மூன்று இலக்கம் மாறாது. 375-ஐ எட்டால் பெருக்கினால் 3000, அது வாலைத் தொடாது, மிச்சமிருக்கும் ஒரு மடங்குதான் வாலில் தெரியும். ஆக, அடுக்கில் நூறு நூறாக எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடலாம். 136279841-இல் மிஞ்சுவது 41. வால் 552, ஒன்றைக் கழித்தால் 551. நாலு கோடி இலக்கத்தின் கடைசி மூன்று இலக்கம் அரைப் பக்கத்தில் முடிந்தது.

அடுத்தது கூட்டு எண். பெயருக்கும் வண்டி எண்ணுக்கும் கூட்டு எண் பார்ப்பவர்கள் நம்மில் நிறைய. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்குவது என்பது 9 ஆல் வகுத்த மீதியைப் பார்ப்பதுதான், வேறு மந்திரம் இல்லை. 2-இன் அடுக்குகளை 9 ஆல் வகுத்தால் மீதி 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறுக்கு ஒரு முறை சுற்றும். நம் அடுக்கை 6 ஆல் வகுத்தால் மீதி 5, அந்த வரிசையில் ஐந்தாவது 5, ஒன்று போக 4. எழுதவே முடியாத எண்ணின் கூட்டு எண் 4! என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பரிடம் சொன்னேன். முகம் சுளித்தார். அவர்கள் மொழியில் நாலு என்று சொன்னால் சாவு என்பதுபோல ஒலிக்குமாம், பாவம், பகா எண் என்ன செய்யும்.

யார் யாரால் வகுபடாது

இனிதான் விசாரணையே. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களை மெர்சென் எண்கள் என்பார்கள். மெர்சென் பிரெஞ்சுத் துறவி. 1644-இல் 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார். 67, 257 என்று இரண்டைத் தவறாகச் சேர்த்தார், 61, 89, 107 என்று மூன்றை விட்டுவிட்டார். இவ்வளவு பிழை செய்தும் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

முதல் விதி: அடுக்கு பகா எண்ணாக இல்லாவிட்டால் அந்த எண்ணும் பகா எண் ஆகாது. 999999-ஐப் பாருங்கள், ஆறு ஒன்பது. மூன்று மூன்றாக வெட்டினால் 999 × 1001. இரும எண் முறையில் மெர்சென் எண் என்பது வெறும் ஒன்றுகளின் வரிசை. 8191 என்றால் பதின்மூன்று ஒன்று. வரிசையைச் சம துண்டுகளாக வெட்ட முடிந்தால் எண்ணும் உடையும். பதின்மூன்றை அப்படி வெட்ட முடியாது.

வெட்ட முடியாததெல்லாம் பகா எண்ணா என்றால் அதுவும் இல்லை. அடுக்கு 11 போட்டால் 2047, அது 23 × 89. இந்த இரண்டு காரணியையும் உற்றுப் பாருங்கள். 22 கூட்டல் 1, 88 கூட்டல் 1. 11-இன் இரட்டிப்பான 22-இன் மடங்கோடு ஒன்று. இரண்டாவது விதி இதுதான்: அடுக்கு ஓர் ஒற்றைப் பகா எண் என்றால், அந்த மெர்சென் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் அடுக்கின் இரட்டிப்புக்கு ஏதாவதொரு மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அந்தக் காரணியை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் வரும்.

இதை 8191 மேல் ஏவுங்கள். காரணி இருந்தால் அவற்றில் சிறியது 90-ஐத் தாண்டாது, 91-இன் வர்க்கமே 8281. அடுக்கு 13, இரட்டித்தால் 26. ஒன்று கூட்டிய மடங்குகள் 27, 53, 79. 27 பகா எண் இல்லை, போகட்டும். 53-ஐ 8 ஆல் வகுத்தால் மீதி 5, அதுவும் போகட்டும். மிஞ்சுவது 79 மட்டும். 79 × 103 = 8137, மீதி 54. முடிந்தது, 8191 பகா எண்! பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி 2, 3, 5, 7 என்று ஒவ்வொன்றாகப் போனால் 24 வகுத்தல் போட வேண்டியிருக்கும், இங்கே ஒன்றோடு தீர்ந்தது. இதைக் கண்ட இரவு நான் கூண்டை விட்டு வெளியே வந்து சும்மா இரண்டு சுற்று நடந்தேன். (8191 நாலு இலக்கம் என்றதும் ஃபோர்-டி லாட்டரிச் சீட்டில் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.)

அதே விதியைப் பெரிய எண் மேல் ஏவினால், அதன் அடுக்கு பகா எண் என்பதை மட்டும் வைத்துக்கொண்டே, 272559683-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் அது வகுபடாது என்று சொல்லிவிடலாம். 27 கோடி வரை ஒருத்தரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். ஆனால் அதற்கு மேல் இருப்பவர்கள் கணக்கில்லாதவர்கள். இந்த வழி இங்கே நின்றுவிடுகிறது.

காரணி தேடாமல் தீர்ப்பு

1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா வேறொரு வழி கண்டார். 1930-இல் அமெரிக்கர் லேமர் அதை இப்போதுள்ள எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். செய்முறையைச் சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்துங்கள், 2 கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். அடுக்கைவிட இரண்டு குறைந்த தடவை இப்படிச் செய்ய வேண்டும். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண்.

31-இல் பழகிக்கொள்ளுங்கள். அடுக்கு 5, மூன்று தடவை. 4, 14, அப்புறம் 194-இன் மீதி 8, அப்புறம் 64 − 2 = 62, மீதி 0. சரி.

இப்போது 8191. அடுக்கு 13, பதினொரு தடவை. முதல் இரண்டு தடவை 14, 194. மூன்றாவது: 194 × 194 = 37636, இரண்டு போக 37634, அதில் 8191 நாலு தடவை அடங்கும், மீதி 4870. மற்றவை இதே போல. சரியாகப் போட்டால் வரிசை இப்படி வர வேண்டும்:

4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128, 0

ஏழாவது தடவை 36 என்று சிறியதாக வரும்போது பயந்துவிடாதீர்கள், அது சரிதான். 2047-ஐயும் போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது தடவை 1736-இல் வந்து நிற்கும். பூஜ்யம் இல்லை, ஆகவே பகு எண். ஆனால் 23 என்றோ 89 என்றோ ஒரு துப்பும் கொடுக்காது. உடையும் என்று சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது. 67-ஆம் அடுக்குக்கு இதே கதை நடந்தது. மெர்சென் பகா எண் என்றார், லூக்கா 1876-இலேயே இல்லை என்று காட்டினார், ஆனால் காரணி யாருக்கும் தெரியாது. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் 193707721 × 761838257287 என்று பலகையில் எழுதிக் காட்டினார். அதில் சிறியதிலிருந்து ஒன்றைக் கழித்து 134 ஆல் வகுத்துப் பாருங்கள். 1445580, மீதி இல்லை. நம் இரண்டாவது விதி அங்கேயும் நிற்கிறது.

என் இரண்டு இரவு போன கதை

முதல் தடவை 8191 போட்டபோது எனக்குப் பூஜ்யம் வரவில்லை. 79 ஆல் வகுத்துப் பகா எண் என்று நானே நிரூபித்திருக்கிறேன், லூக்கா இல்லை என்கிறார். இரண்டில் ஒன்று பொய். ஒவ்வொரு வரியையும் ஒன்பது மீதி போட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் சரி என்றது. இரண்டு இரவு இப்படியே போனது, லூக்கா மேல் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்து கோப்பிக்கடையில் கோப்பி ஓ குடித்துக்கொண்டே பார்த்தபோது தெரிந்தது. ஐந்தாவது தடவை 5970 வர வேண்டும், நான் 5790 என்று எழுதியிருந்தேன். இலக்கம் இடம் மாறினால் கூட்டு எண் மாறாது. இரண்டுக்கும் கூட்டு எண் 3. ஒன்பது மீதி என்ற காவல்காரன் இந்தத் திருடனை மட்டும் உள்ளே விட்டுவிடுவான்.

அதனால் பதினொன்று மீதியையும் சேர்த்துப் போடுங்கள். வலமிருந்து ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 5970-க்கு 0 − 7 + 9 − 5 = −3, பதினொன்று கூட்ட 8. 5790-க்கு 0 − 9 + 7 − 5 = −7, அதாவது 4. மாட்டிக்கொண்டது. அந்த வரி 15626207 = 8191 × 1907 + 5970. இடப்பக்கத்தின் மீதி 3. வலப்பக்கம் 7 × 4 = 28, மீதி 6, அதோடு 8 கூட்டினால் 14, மீதி 3. சரியாக நிற்கும். 5790 போட்டால் 10 வரும்.

இந்த மாதிரிப் பிழைக்காகவே வைத்த காவல்காரன் ஒவ்வொரு இரவும் என் கண் முன்னாலேயே நின்றான், நான்தான் கவனிக்கவில்லை. நம் ஊர் வண்டி எண் பலகையின் கடைசி எழுத்தைச் சொல்கிறேன். எஸ்பிஏ 1234 ஜி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஸை விட்டுவிட்டு பி-க்கு 2, ஏ-க்கு 1, அப்புறம் நாலு இலக்கம். இவற்றை வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 52. 19 ஆல் வகுத்தால் மீதி 14. ஒவ்வொரு மீதிக்கும் ஓர் எழுத்து வைத்திருக்கிறார்கள், 14-க்கு ஜி. 19-க்குப் பதில் 20 ஆல் வகுக்கச் சொல்லியிருந்தால்? 5 ஆல் பெருக்கப்படும் இலக்கத்தை நான் நாலு தள்ளித் தப்பாக எழுதினால் கூட்டுத்தொகை சரியாக 20 மாறும், மீதி அப்படியே இருக்கும், பிழை தெரியாது. 19 பகா எண். இரண்டு சிறிய எண்களின் பெருக்குத்தொகை அதன் மடங்காக வரவே வராது. ஆகவே ஓர் இலக்கம் பிசகினாலும் எழுத்து மாறிவிடும். லாரி எண்ணைப் பதிவேட்டில் எழுதியதும் இப்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு தரம் போட்டுப் பார்க்கிறேன்.

பெரிய எண்ணுக்குத் திரும்புவோம். அதற்கும் இதே நாலு, இதே வர்க்கம், இதே இரண்டு கழித்தல்தான். தடவை மட்டும் 136279839, ஒவ்வொரு தடவையும் நாலு கோடி இலக்கம் வரை உள்ள எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். லூக் டூரன்ட் என்ற அமெரிக்கர் பல நாடுகளில் இருந்த கணினி மையங்களில் வரைகலைச் சில்லுகளை வாடகைக்கு எடுத்துத் தேடினார். 2024 அக்டோபர் 11-இல் டப்ளினில் இருந்த ஒரு சில்லு இது பகா எண்ணாக இருக்கலாம் என்றது, மறுநாள் டெக்சாஸில் இன்னொன்று லூக்கா-லேமர் முறையில் பூஜ்யத்தைக் கண்டது. அதற்கு முந்தைய சாதனை எண் 2018 டிசம்பரில் வந்தது. கணினிக்கு இந்த வகை எண் ஏன் பிடிக்கிறது என்றால், இரும முறையில் 2¹³ − 1 ஆல் வகுக்க வகுத்தலே தேவையில்லை. பதின்மூன்று பதின்மூன்று இலக்கமாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும். 99 ஆல் வகுக்க இரண்டிரண்டாக வெட்டிக் கூட்டுவோமே, அதே வித்தை.

ஒரு குறுக்குச் சோதனை. பகா எண் என்றால், பூஜ்யத்துக்கு முந்தின மீதி எப்போதும் 2-இன் ஓர் அடுக்காக இருக்கும், அல்லது சோதிக்கும் எண்ணிலிருந்து அந்த அடுக்கைக் கழித்ததாக இருக்கும். மெர்சென் அடுக்கோடு ஒன்று கூட்டிப் பாதியாக்கினால் அது எந்த அடுக்கு என்று தெரியும். 13-க்கு 7, 2-இன் ஏழாம் அடுக்கு 128. மேலே வரிசையில் பூஜ்யத்துக்கு முன் பாருங்கள். 31-க்கு 8.

அடுத்து நீங்கள் போட வேண்டியது 131071, அடுக்கு 17. பதினைந்து தடவை, ஒவ்வொரு வர்க்கமும் பத்து, பதினோரு இலக்கம் வரை போகும். மூன்றாவது தடவை 37634, நாலாவது 95799 வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். பதினாலாவது தடவை 512 அல்லது 130559 வர வேண்டும். எனக்கு 130559 வந்தபோது மணி நாலு இருபது, வாசலில் மீன் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியை அவர் உள்ளே போன பிறகுதான் போட்டேன்.